தோள்மூட்டு கழன்ற பிறகு: பயிற்சியா, ஆபரேஷனா, எந்த ஆபரேஷன்?

ஒருமுறை தோள்மூட்டு கழன்ற கல்லூரி மாணவரிடம் ஆளுக்கொன்று சொல்வார்கள். 'மூட்டை உள்ளே போட்டாயிற்று, மூன்று வாரம் ஸ்லிங்கில் வைத்தால் போதும்' என்பார் ஒருவர். 'பிசியோதெரபி செய், தசை பலமானால் சரியாகிவிடும்' என்பார் இன்னொருவர். 'ஜவ்வு கிழிந்திருக்கிறது, தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்துகொள்' என்பார் மூன்றாமவர். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகைத் தோளை மனதில் வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். எப்படிக் கழன்றது, என்ன வயது, எந்த விளையாட்டு, எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற நான்கும் தெரியாமல் 'பயிற்சியா ஆபரேஷனா' என்று கேட்டால் உருப்படியான பதில் வராது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோதல் உள்ள விளையாட்டை ஆடும் இருபது வயதுக்காரருக்கு அடிபட்டுத் தோள் கழன்றிருந்தால், 'இன்னொரு முறை ஆனால் பார்த்துக்கொள்ளலாம்' என்பது நஷ்டமில்லாத வழி கிடையாது. அந்த இன்னொரு முறை எலும்பைத் தின்னும். அதே சமயம், இயல்பிலேயே மூட்டுகள் தளர்வாக உள்ள ஒருவர் அவசரப்பட்டு ஆபரேஷனுக்குப் போவதும் அதே அளவு தப்பு.

உள்ளே என்ன ஆகிறது

மேற்கை எலும்பின் தலை பெரியது. அது உட்காரும் குழி சிறியது, ஆழமும் இல்லை. சின்னத் தட்டின் மேல் பெரிய பந்தை வைத்த மாதிரியான அமைப்பு. கையைத் தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் கொண்டுபோக முடிவது இதனால்தான். உடலின் பெரிய மூட்டுகளில் அதிகம் கழலும் மூட்டு இதுவாக இருப்பதற்கும் காரணம் இதுவே. குழியின் விளிம்பைச் சுற்றி லாப்ரம் என்ற வளையம் இருக்கிறது. அதோடு ஒட்டிய ஜவ்வுகள், ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகள், தோள்பட்டை எலும்பை நகர்த்தும் முதுகுத் தசைகள் எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தலையைக் குழியின் நடுவில் பிடித்து வைத்திருக்கின்றன.

கழலல்களில் சுமார் 95 சதவீதம் முன்பக்கமாக நடப்பவை. கை உயர்ந்து வெளிப்பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தில், அதாவது பந்தை எறிய ஓங்கும் நிலையிலோ ஓடுகிறவரை ஒரு கையால் மடக்கப் பாயும் நிலையிலோ, ஒரு இடி விழுந்தால் தலை முன்னும் கீழுமாக வெளியே வந்துவிடும். வரும்போது முன்விளிம்பின் கீழ்ப்பகுதியில் லாப்ரத்தை எலும்பிலிருந்து பிய்த்துவிடும். இதற்குப் பாங்கார்ட் கிழிசல் என்று பெயர். 1923ல் இதைப் பற்றி எழுதிய பிரிட்டிஷ் அறுவைச் சிகிச்சை நிபுணரின் பெயர் அது. வெளியே வந்த தலையின் பின்பக்கம் குழியின் விளிம்பில் மோதி நசுங்கினால் அது ஹில்-சாக்ஸ் பள்ளம். சிலருக்கு லாப்ரத்தோடு குழியின் எலும்பு விளிம்பும் உடைந்து வந்துவிடும், அல்லது கழலக் கழலத் தேய்ந்துபோகும். பின்னால் வரும் முடிவுகள் பெரும்பாலும் இந்த எலும்பைப் பொறுத்தவை.

முழுதாகக் கழன்று, மருத்துவமனையில் போய் உள்ளே போட்டால்தான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். 'லேசாக நழுவி அதுவாகவே உள்ளே போய்விட்டது' என்பதைக் கோச்சிடம்கூடச் சொல்வதில்லை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஆய்வில், தோள் நழுவிய சம்பவங்களில் ஏறக்குறைய 85 சதவீதம் இப்படிப் பாதி நழுவி உள்ளே போனவைதான். அதே கல்லூரியில் முதன்முறை பாதி நழுவிய 27 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது 26 பேருக்குப் பாங்கார்ட் கிழிசல் இருந்தது. லேசாக நழுவியது என்றால் உள்ளே சேதமும் லேசு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் பிரிக்க வேண்டியது: அடிபட்டதா, தளர்வா

எந்த வழியை ஒப்பிடுவதற்கும் முன்னால் இது முடிவாக வேண்டும். ஒரு பக்கம், தெளிவாக ஒரு நாள், ஒரு அடி, ஒரு வலி, அதற்குப் பிறகு ஒரே திசையில் நழுவும் தோள். மறுபக்கம், பெரிய அடி எதுவும் இல்லாமலே இரண்டு தோளும் எல்லாத் திசையிலும் தொளதொளவென்று இருப்பவர்கள். கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொட முடியும், முழங்கை பின்பக்கம் வளையும், முழங்காலும் அப்படியே. நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தத் தளர்வுதான் அவர்களுக்கு அந்த விளையாட்டில் கைகொடுத்திருக்கும்.

இந்த இரண்டு வகைக்கும் ஒரே பயிற்சித் திட்டத்தைக் கொடுத்தபோது என்ன ஆனது என்பதற்கு 1992ல் பர்க்ஹெட், ராக்வுட் இருவரும் வெளியிட்ட ஆய்வை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அடிபட்டு நழுவிய தோள்களில் பயிற்சியால் நல்ல பலன் கண்டவை 16 சதவீதம். அடிபடாமல் தளர்ந்த தோள்களில் 80 சதவீதம். பழைய ஆய்வுதான், ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியை ஒதுக்கிவிட முடியாது. பிய்ந்துபோன லாப்ரத்தைத் தசையால் திரும்ப ஒட்ட முடியாது. தளர்ந்த ஜவ்வின் வேலையைத் தசை எடுத்துச் செய்ய முடியும்.

ஆகவே தளர்வு வகையில் ஒப்பீடே தேவையில்லை. பயிற்சிதான் வழி, அதுவும் மாதக்கணக்கில். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றம் இல்லை என்றால் மட்டும் மூட்டுப் பையை இறுக்கும் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். தோளைத் தானே நழுவவைத்து நண்பர்களிடம் வேடிக்கை காட்டும் பழக்கம் உள்ளவர்கள் முதலில் அதை நிறுத்த வேண்டும். அந்தப் பழக்கம் உள்ளவரை எந்தச் சிகிச்சையும் பலிக்காது.

பின்பக்கமாக நழுவும் தோளைத் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் எதிராளியைக் கைநீட்டித் தடுப்பவர்கள், பெஞ்ச் பிரஸ்ஸில் அதிக எடை தூக்குகிறவர்கள், ரக்பி ஆட்டக்காரர்கள் ஆகியோரிடம் இது வரும். தோள் கழன்ற அனுபவமாகவே தெரியாது. தள்ளும்போது பின்பக்கம் ஒரு வலி, அவ்வளவுதான். வலிப்பு வந்த பிறகோ மின்சாரம் தாக்கிய பிறகோ தோளை வெளிப்பக்கம் திருப்பவே முடியவில்லை என்றால், முன்னாலிருந்து எடுத்த எக்ஸ்ரே ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. பின்பக்கக் கழலல் அந்த ஒரு படத்தில் எளிதில் தப்பிவிடும். பக்கவாட்டிலோ அக்குள் வழியாகவோ எடுத்த படமும் வேண்டும்.

முதல் கழலலுக்குப் பிறகு: காத்திருப்பதா, உடனே தைப்பதா

இனிமேல் பேசப்போவது அடிபட்டு முன்பக்கம் கழன்ற தோளைப் பற்றி மட்டும்.

தைப்பது என்றால் பிய்ந்த லாப்ரத்தை ஆபரேஷன் செய்து குழியின் விளிம்பில் திரும்பப் பொருத்துவது. காத்திருக்கும் வழி என்பது ஸ்லிங், வலி அடங்கியதும் பயிற்சி, பிறகு விளையாட்டு. இதில் ஸ்லிங்கை எத்தனை வாரம் போடுவது என்பதற்காக நடக்கும் வாக்குவாதம் எனக்கு வியப்பாக இருக்கும். ஸ்வீடனில் ஹோவேலியஸ் குழுவினர் முதன்முறை கழன்றவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று நான்கு வாரம் கட்டி வைத்தவர்களுக்கும், வலி குறைந்ததும் கழற்றிவிட்டவர்களுக்கும் மறுபடி கழல்வதில் வித்தியாசம் இல்லை. கையை வெளிப்பக்கம் திருப்பிய நிலையில் கட்டினால் கிழிந்த லாப்ரம் எலும்போடு நன்றாக ஒட்டும் என்று ஜப்பானில் இதோய் என்ற மருத்துவர் காட்டினார். தொடக்கத்தில் நல்ல பலன் கிடைத்தது, பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஸ்லிங் வலிக்காக. மறுபடி கழலுமா என்பதை அது தீர்மானிப்பதில்லை.

தீர்மானிப்பது வயதும் விளையாட்டும். எடின்பரோவில் 15 முதல் 35 வயது வரை உள்ள 252 பேரைக் கவனித்ததில், இரண்டு ஆண்டுக்குள் 56 சதவீதம் பேருக்கும், ஐந்தாவது ஆண்டு முடிவதற்குள் 67 சதவீதம் பேருக்கும் தோள் நிலைகுலைந்தது. இளவயது ஆண்களுக்கு ஆபத்து மிக அதிகம். வெஸ்ட் பாயிண்டில் 1994ல் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. ஆபரேஷன் இல்லாமல் விட்ட 15 விளையாட்டு மாணவர்களில் 12 பேருக்கு மறுபடி ஆனது. நுண்துளை வழியாகத் தைத்துக்கொண்ட 21 பேரில் 3 பேருக்குத்தான் ஆனது. ராணுவக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் தினமும் உடலை வருத்துகிறவர்கள், ஆட்களும் கொஞ்சம் பேர்தான். அதனால் இதை எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனால் கனடாவில் கிர்க்லி குழுவினர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்விலும் திசை அதுவே: இரண்டு ஆண்டில் மறுபடி கழன்றது கட்டிவைத்தவர்களில் 47 சதவீதம், உடனே தைத்தவர்களில் 16 சதவீதம்.

இங்கே மறுதரப்பையும் கேட்க வேண்டும். அதே ஸ்வீடன் ஆய்வில், 12 முதல் 25 வயதுக்குள் முதன்முறை கழன்று ஆபரேஷன் செய்யாமல் விட்டவர்களில் பாதிப் பேருக்கு, 25 ஆண்டு கழித்துப் பார்க்கையில், மறுபடி கழலவே இல்லை, அல்லது கொஞ்ச காலம் கழன்று பிறகு தானாகவே நின்றுவிட்டது. எல்லோருக்கும் முதல் நாளே ஆபரேஷன் செய்தால் அந்தப் பாதிப் பேர் வீணாக ஆபரேஷன் மேஜையில் படுத்திருப்பார்கள். படிப்பு, வேலை, எப்போதாவது ஓட்டம், கொஞ்சம் ஜிம் என்று இருக்கும் ஒருவர் காத்திருந்து பார்ப்பது முழுக்க நியாயமான முடிவு. முப்பதைத் தொட்டவருக்கு இன்னும் நியாயம்.

ஆனால் காத்திருப்பவர் என்ன விலை கொடுக்கக்கூடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரி வயதினரின் குழி எலும்பை அளந்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதல் சம்பவத்தில் சராசரியாக ஏறக்குறைய 7 சதவீத எலும்பு போயிருந்தது. மறுபடி மறுபடி நழுவியவர்களிடம் அது சுமார் 23 சதவீதம். 7 சதவீதத்தில் மூன்று சிறு துளைகளில் முடியும் வேலை, 23 சதவீதத்தில் வேறு இடத்து எலும்பை வெட்டிப் பொருத்தும் வேலையாக மாறுகிறது. 'மறுபடி ஆனால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம்' என்று சொல்லும்போது அன்றைக்குச் செய்ய வேண்டிய ஆபரேஷன் இன்றைக்குச் செய்வதைவிடப் பெரிதாக இருக்கலாம் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

ஆகவே என் கணக்கு இப்படி. இருபதை ஒட்டிய வயது, ரக்பி, ஜூடோ, மல்யுத்தம், கபடி, ஹேண்ட்பால் மாதிரியான ஆட்டம், போட்டி மட்டத்தில் இன்னும் சில ஆண்டு ஆடும் எண்ணம்: இந்த மூன்றும் சேர்ந்தால் முதல் கழலலுக்குப் பிறகே தைத்துக்கொள்வது நல்லது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பயிற்சியை முதலில் முயன்று பார்க்கலாம். இரண்டாவது முறை நழுவினால் காத்திருக்கும் வழி முடிந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சீசன் நடுவில் ஆனால்

கல்லூரி ஆட்டக்காரருக்கு இதுதான் உண்மையான சிக்கல். இறுதிப் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறது, தோள் கழன்றுவிட்டது. ஆபரேஷன் என்றால் இந்த சீசன் போச்சு. பயிற்சி செய்து, பெல்ட் கட்டிக்கொண்டு ஆடிவிடலாமா?

ஆடலாம், ஆட முடியும். மோதல் விளையாட்டுகளில் இருந்த 45 கல்லூரி ஆட்டக்காரர்களைப் பற்றி 2014ல் டிக்கன்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 33 பேர் அதே சீசனில் களத்துக்குத் திரும்பினார்கள். திரும்ப எடுத்துக்கொண்ட நாட்களின் நடுமதிப்பு வெறும் 5 நாள். இதுவரை கேட்கிற கோச்சுக்கு முகம் மலரும். மீதியையும் கேட்க வேண்டும்: அந்த 33 பேரில் 21 பேருக்கு அதே சீசனில் மறுபடி நழுவியது. மொத்தம் 12 பேர்தான் மறுபடி நழுவாமல் சீசனை முடித்தார்கள். அடுத்த சீசனில் என்ன ஆனது என்பதையும் அதே குழு பின்னர் பார்த்தது. இடையில் தைத்துக்கொண்டவர்களில் 90 சதவீதம் பேர் நழுவாமல் முடித்தார்கள். தைக்காமல் விட்டவர்களில் 40 சதவீதம்.

கடைசி ஆண்டு மாணவர், இதற்குப் பிறகு போட்டி ஆட்டமே இல்லை, எலும்பு சேதம் குறைவு என்றால் இந்தச் சூதாட்டத்தில் ஓரளவு அர்த்தம் இருக்கிறது. மறுபடி நழுவினால் அன்றோடு நிறுத்திவிட்டு சீசன் முடிந்ததும் தைத்துக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு இறங்கலாம். முதலாம் ஆண்டு மாணவர், முன்னால் நான்கு சீசன் இருக்கிறது என்றால் ஒரு சீசனை விட்டுக்கொடுப்பதில் தவறே இல்லை. பெல்ட்டைப் பொறுத்தவரை, அது கையை அதிகம் உயராமல் தடுக்கும், கொஞ்சம் தைரியம் தரும். எறியும் கையில் அதைக் கட்டிக்கொண்டு எறிய முடியாது. மறுபடி கழலாமல் அது காப்பாற்றும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

அப்புறம் ஒரு விஷயம். இந்த முடிவை எடுக்கிறவர் யார்? கோச்சுக்கு இந்த சீசன் முக்கியம், வீட்டுக்குத் தேர்வு முக்கியம், ஆட்டக்காரருக்கு அணியில் இடம் போய்விடுமோ என்ற பயம். இவர்களில் யாருக்கும் அந்தத் தோளின் எலும்பு அளவு தெரிந்திருக்காது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு பேச்சைத் தொடங்கினால் வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

ஆபரேஷன்தான் என்றால், எது?

ஹிப்போகிரட்டஸ் காலத்தில் அடிக்கடி கழலும் தோளுக்கு அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவார்களாம். தழும்பு இறுகி மூட்டைப் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. இருபதாம் நூற்றாண்டில் முன்பக்கத் தசையைச் சுருக்கித் தைக்கும் முறைகள் வந்தன. தோள் நழுவுவது நின்றது, ஆனால் கை வெளிப்பக்கம் திரும்பாமல் போனது, சில ஆண்டுகளில் மூட்டும் தேய்ந்தது. இறுக்கிவிட்டால் போதும் என்ற எண்ணம் எவ்வளவு காலம் நீடித்தது என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன். இன்றைக்கு நடப்பவை கிழிந்ததைத் திரும்ப ஒட்டுவதும், போன எலும்பை ஈடுகட்டுவதும்தான்.

முதலாவது, ஆர்த்ராஸ்கோப்பி மூலம் செய்யும் பாங்கார்ட் ஆபரேஷன். சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் விட்டு, பிய்ந்த லாப்ரத்தைக் குழியின் விளிம்பில் ஆங்கர் எனப்படும் சிறு முளைகள் வைத்துத் தைப்பார்கள். உடலின் இயல்பான அமைப்பு மாறுவதில்லை, வலி குறைவு, பெரிய சிக்கல்கள் அரிது. எலும்பு நன்றாக இருக்கும் தோளுக்கு முதல் தேர்வு இதுவே.

இதன் பலவீனம் எலும்பு இழப்பில் தெரியும். 2000ல் பர்க்ஹார்ட், டி பீர் இருவரும் வெளியிட்ட முடிவுகள் இந்தத் துறையின் பேச்சையே மாற்றின. பெரிய எலும்புச் சேதம் இல்லாத தோள்களில் தையலுக்குப் பிறகு மறுபடி நழுவியவை 4 சதவீதம். பெரிய சேதம் இருந்தவற்றில் 67 சதவீதம். தையல் அதே தையல், கைகள் அதே கைகள். விளிம்பு இல்லாத இடத்தில் ஜவ்வை மட்டும் தைத்துப் பயனில்லை.

எவ்வளவு எலும்பு போனால் தையல் போதாது? பல ஆண்டுகளாக 20 முதல் 25 சதவீதம் என்று சொல்லி வந்தார்கள். 2015ல் ராணுவத்தினரிடம் செய்த ஆய்வில் 13.5 சதவீதத்துக்கு மேல் போயிருந்தாலே, தோள் மறுபடி நழுவாவிட்டாலும், அவர்கள் தங்கள் தோளைப் பற்றித் திருப்தியாக இல்லை என்று தெரிந்தது. அதனால் இன்று 13 முதல் 20 வரையிலான இடைவெளிதான் நிபுணர்கள் கருத்து வேறுபடும் இடம். இரண்டு மருத்துவர்கள் இரண்டு ஆபரேஷன் சொன்னால் பெரும்பாலும் அந்தத் தோள் இந்த இடைவெளியில் இருக்கிறது.

மேற்கை எலும்பின் தலையில் உள்ள ஹில்-சாக்ஸ் பள்ளமும் கணக்கில் வரும். கையை உயர்த்தித் திருப்பும்போது அந்தப் பள்ளம் குழியின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுமா என்று சி.டி. ஸ்கேனில் அளந்து பார்க்கலாம். விழும் என்றால், லாப்ரத்தைத் தைப்பதோடு தோளின் பின்பக்கத் தசைநாரை அந்தப் பள்ளத்துக்குள் வைத்துத் தைத்து நிரப்பிவிடும் ரெம்ப்ளிசாஜ் முறையைச் சேர்ப்பார்கள். கனடாவில் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வில், இதைச் சேர்த்தவர்களில் 4 சதவீதம் பேருக்கும், வெறும் தையல் போட்டவர்களில் 18 சதவீதம் பேருக்கும் மறுபடி நழுவியது. கூடுதல் சிரமம் குறைவு, பலன் அதிகம். குழியின் எலும்பு இழப்பு சிறியதாகவும் தலையின் பள்ளம் பெரியதாகவும் உள்ள இளம் ஆட்டக்காரருக்கு இதைப் பற்றிப் பேசாத மருத்துவரிடம் காரணம் கேட்கலாம். எறியும் கை என்றால் வெளிப்பக்கத் திருப்பல் கொஞ்சம் குறையக்கூடும் என்பது மட்டும் யோசிக்க வேண்டியது.

திறந்து செய்யும் பாங்கார்ட் ஆபரேஷன் இப்போது பழைய முறை என்று ஒதுக்கப்படுகிறது. அவ்வளவு எளிதாக ஒதுக்கலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கனடாவில் 2014ல் வெளியான 196 பேர் கொண்ட ஆய்வில் இரண்டு ஆண்டில் மறுபடி நழுவியது திறந்த முறையில் 11 சதவீதம், ஆர்த்ராஸ்கோப்பியில் 23 சதவீதம். இதைப் பழகிய கைகள் குறைந்துகொண்டே வருகின்றன என்பதுதான் நடைமுறைத் தடை.

கடைசியாக லாத்தார்ஜே. பிரான்ஸின் லியோன் நகரைச் சேர்ந்த மிஷெல் லாத்தார்ஜே 1954ல் விவரித்தது. தோளின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கோரகாய்டு என்ற எலும்பு முனையை, அதில் ஒட்டிய தசைநாரோடு வெட்டி எடுத்து, குழியின் தேய்ந்த விளிம்பில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்துவார்கள். குழி அகலமாகிறது. அதைவிட முக்கியமானது, கை உயர்ந்து திரும்பும் அதே ஆபத்தான நிலையில் அந்தத் தசைநார் முன்னால் இறுகி நின்று தலையைத் தடுக்கிறது. எலும்பு போன தோளுக்கும், தையல் ஏற்கெனவே தோற்றுப்போன தோளுக்கும் இதைவிட உறுதியான வழி இல்லை என்றே சொல்லலாம்.

அப்படியானால் எல்லோருக்கும் இதையே செய்துவிடலாமே? பிரான்ஸில் ஓரளவு அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் தயங்குவதற்குக் காரணம் 2013ல் வெளியான தொகுப்பாய்வு. அதில் மறுபடி கழன்றவை 3 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் சிறிதும் பெரிதுமாகச் சிக்கல்கள் 30 சதவீதம், திரும்ப ஆபரேஷனுக்குப் போனவர்கள் ஏறக்குறைய 7 சதவீதம். பொருத்திய எலும்பு ஒட்டாமல் போகலாம், கரைந்துபோகலாம், ஸ்க்ரூ உறுத்தலாம், அருகில் ஓடும் நரம்பு இழுபட்டுக் கை மரத்துப்போகலாம். நரம்புச் சிக்கல் பெரும்பாலும் மாதங்களில் சரியாகிவிடும், ஆனால் எல்லோருக்கும் இல்லை. இது தோளின் அமைப்பையே மாற்றுவதால், தோற்றுப்போனால் அடுத்த ஆபரேஷன் கடினம். இதை வாரத்துக்குச் சில செய்கிறவரும் ஆண்டுக்குச் சில செய்கிறவரும் ஒன்றல்ல.

தேர்வுக்கு உதவ ஒரு மதிப்பெண் முறை உண்டு. பிரான்ஸின் நீஸ் நகரில் பால்க், புவாலோ இருவரும் 2007ல் கொடுத்தது. இருபது வயது அல்லது அதற்குக் கீழ் என்றால் 2, போட்டி மட்டத்தில் ஆடினால் 2, மோதல் விளையாட்டு அல்லது தலைக்கு மேல் கையை வேகமாக வீசும் விளையாட்டு என்றால் 1, மூட்டுத் தளர்வு இருந்தால் 1, சாதாரண எக்ஸ்ரேயில் ஹில்-சாக்ஸ் பள்ளம் தெரிந்தால் 2, குழியின் விளிம்பு அழிந்திருந்தால் 2. மொத்தம் 10. ஆறுக்கு மேல் போனால் ஆர்த்ராஸ்கோப்பித் தையலுக்குப் பிறகு மறுபடி நழுவும் வாய்ப்பு 70 சதவீதம், அதனால் லாத்தார்ஜே செய்யலாம் என்றார்கள். ஆறு வரை அது 10 சதவீதம். பின்னால் வந்தவர்கள் இந்த எல்லையை இன்னும் கீழே இறக்க வேண்டும் என்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது: பதினெட்டு வயது, போட்டி ஆட்டம், மோதல் விளையாட்டு என்று இருந்தால் எக்ஸ்ரே எடுக்கும் முன்பே 5 வந்துவிடுகிறது.

எத்தனை மாதம், எவ்வளவு உழைப்பு

எந்த வழியில் போனாலும் பயிற்சியிலிருந்து தப்ப முடியாது. ஆபரேஷன் இல்லாத வழியில் சாதாரண வேலைக்குச் சில வாரத்தில் திரும்பலாம், விளையாட்டுக்கு அதிகமாகப் போனால் இரண்டு மூன்று மாதம். பாங்கார்ட் தையல் என்றால் நான்கு முதல் ஆறு வாரம் ஸ்லிங், மூன்று மாதம் வாக்கில் பலப்பயிற்சி, மோதல் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஆறு மாதம். லாத்தார்ஜேயில் எலும்பு ஒட்டிவிட்டால் சிலர் நான்கு ஐந்து மாதத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். எழுதும் கை என்றால் தேர்வுக் கால அட்டவணையைப் பார்த்து ஆபரேஷன் தேதி வாங்குங்கள். முதல் சில வாரம் எழுதுவதும் குளிப்பதும் படுத்துத் தூங்குவதும் தொல்லை.

பயிற்சி என்றால் ரப்பர் பேண்டை உள்ளேயும் வெளியேயும் இழுப்பது என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அது தொடக்கம் மட்டுமே. தோள்பட்டை எலும்பைச் சரியான நிலையில் நிறுத்தும் தசைகள், கையை ஊன்றி உடல் எடையைத் தாங்கும் பயிற்சிகள், கை எங்கே இருக்கிறது என்று கண்மூடி உணரும் பயிற்சி, கடைசியில் எறிதல், விழுந்து எழுதல், மோதல் என்று போக வேண்டும். ஜிம்மில் கழுத்துக்குப் பின்னால் பாரை இறக்குவது, அகலமாகப் பிடித்து பெஞ்ச் பிரஸ் செய்வது இரண்டையும் நீண்ட காலம் ஒதுக்கிவைக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது கேட்க வேண்டியவை அதிகமில்லை. குழியின் எலும்பு எத்தனை சதவீதம் போயிருக்கிறது, அதை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தீர்களா, முப்பரிமாண சி.டி.யில் அளந்தீர்களா? என் மேற்கை எலும்பின் தலையில் உள்ள பள்ளம் குழியின் விளிம்பைத் தாண்டி விழும் வகையா? நீங்கள் சொல்லும் ஆபரேஷனை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்? இரண்டாவது முறை நழுவிய பிறகும் எலும்பை அளக்காமல் ஆபரேஷன் தேதி கொடுத்தால் வேறொருவரைப் பார்ப்பது நல்லது.

மைதானத்திலேயே கையை இழுத்து உள்ளே போட முயல்வதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பழகாதவர் இழுத்தால் எலும்பு முறிவு பெரிதாகலாம், நரம்பு நசுங்கலாம். தோளின் வெளிப்பக்கம் தொட்டால் உணர்வு இல்லை, கை வெளிறிப்போகிறது, மணிக்கட்டை உயர்த்த முடியவில்லை என்றால் அது அவசரம்.

களத்துக்குத் திரும்புவதைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள்தான் அதிகம். ஆறு மாதம் ஆகிவிட்டது, இறங்கு என்பார்கள். பார்க்க வேண்டியவை வேறு: கை முழுதாக அசைகிறதா, கருவியால் அளந்தால் பலம் மறு கையின் 90 சதவீதத்தையாவது எட்டுகிறதா, கையை உயர்த்தி வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்தால் 'போகப்போகிறது' என்ற பயம் முகத்தில் தெரிகிறதா, களைத்த பிறகும் தன் ஆட்டத்துக்கு உரிய அசைவுகளைத் தயங்காமல் செய்கிறாரா. இதில் ஒன்றில் தவறினாலும் இன்னும் சில வாரம் பயிற்சி செய்துவிட்டு, அதே சோதனைகளை மறுபடி எடுத்த பிறகு இறங்கலாம்.